சுற்றுலாவுக்கு வாடகை கார்: அதிகம் கொடுக்காமல் நல்ல வண்டி எடுப்பது எப்படி?

காலண்டரில் மூன்று சிவப்புத் தேதிகள் சேர்ந்து வந்தால் போதும், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வால்பாறைக்கும் கார் தேடும் வேலை வீடுகளில் தொடங்கிவிடும். டிரைவரோடு வண்டி எடுத்தால் பேட்டா கொடுக்க வேண்டும், அவர் தங்க இடம் பார்க்க வேண்டும். போதாக்குறைக்கு, காருக்குள் நிம்மதியாக ஒரு குடும்பச் சண்டைகூடப் போட முடியாது. அதனால், 'நாமே ஓட்டிட்டுப் போயிடலாம்' என்று செல்ஃப் டிரைவ் கார் பக்கம் திரும்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

செயலியில் ஒரு வாடகை காட்டும். பக்கத்துத் தெருவில் விசாரித்தால் அதைவிட ஆயிரம் ரூபாய் குறைவாக ஒருவர் சொல்வார். "நம்ம ஃப்ரெண்டு வண்டிதான் சார், புதுசு, பயப்படாம எடுத்துட்டுப் போங்க" என்பார். சாவி கைக்கு வருவதற்கு முன் அந்த வண்டியின் நம்பர் பிளேட்டை ஒருமுறை பார்ப்பது நல்லது.

பிளேட் என்ன சொல்கிறது?

வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது சொந்த உபயோக வண்டி. பேச்சுவழக்கில் 'ஓன் போர்டு'. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் டிரைவரோடு வாடகைக்கு ஓடும் டாக்சி. வாடிக்கையாளரே ஓட்டுவதற்காக உரிமம் பெற்று விடப்படும் கார்களுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. கறுப்பு பிளேட் பார்க்க அழகாக இல்லை, ஊட்டியில் போட்டோ எடுத்தால் வாடகை வண்டி என்று தெரிந்துவிடும் என்று வெள்ளை பிளேட்டையே கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கவுரவத்துக்கு விலை அதிகம்.

சொந்த உபயோகக் காருக்கு எடுக்கும் இன்சூரன்ஸ் பாலிசியில், வாடகைக்கு விட்டால் காப்பீடு பொருந்தாது என்ற நிபந்தனை இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் பக்கச்சுவரில் இடித்து முன்பக்கம் நொறுங்கினால், வண்டி வாடகைக்குப் போனது தெரிந்தவுடன் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடலாம். எதிரே வந்தவர் அடிபட்டால் சிக்கல் இன்னும் பெரிது. நீதிமன்றம் சொன்னால் நிறுவனம் அவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கும் நடைமுறை உண்டு. உரிமையாளர் யாரைத் தேடி வருவார்? சாவி வாங்கிப் போனவரைத்தான். நாளுக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்த குடும்பம் லட்சக்கணக்கில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இது கற்பனையான பயம் இல்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் ஆலப்புழை அருகே களர்கோட்டில், மருத்துவ மாணவர்கள் போன கார் அரசுப் பேருந்தில் மோதி ஆறு பேர் உயிரிழந்தார்கள். அந்தக் கார் சொந்த உபயோகப் பதிவில் இருந்தது, வாடகைக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்பது பிறகு நடந்த விசாரணையில் வெளியே வந்தது. பர்மிட் இல்லாமல் வண்டியை வாடகைக்கு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவுப்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் உண்டு. வழியில் வண்டியைப் பறிமுதல் செய்தால் குழந்தைகளோடும் பெட்டிகளோடும் ரோட்டோரம் நிற்பது வாடகைக்கு எடுத்தவர்தான்.

தவறு முழுவதையும் ஓன் போர்டு வைத்திருப்பவர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. 1989-ல் வந்த ரென்ட் எ கேப் திட்டப்படி உரிமம் வாங்க வேண்டுமானால் குறைந்தது 50 வண்டிகள் வைத்திருக்க வேண்டும். இரண்டு கார் வைத்துப் பிழைக்கும் ஒருவர் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது. தேவையோ வளர்ந்துகொண்டே இருக்கிறது. வாசல் இவ்வளவு குறுகலாக இருந்தால் ஆட்கள் கொல்லைப்புறமாகத்தான் வருவார்கள். சிறிய உரிமையாளர்களும் முறையான காப்பீட்டோடு தொழில் செய்ய அரசு வழி திறக்க வேண்டும். அதுவரை ஆபத்தைச் சுமப்பது வாடிக்கையாளர்தான்.

காசு எங்கே போகிறது?

கறுப்பு பிளேட்தான் எடுப்பது என்று முடிவான பிறகு செலவைக் குறைக்கலாம். சென்னையில் இருப்பவர்கள் பெரும்பாலும் சென்னையிலேயே கார் எடுத்துக் கிளம்பிவிடுகிறார்கள். கோவை வரை போக வர மட்டும் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தாலே ஆறாயிரத்து எழுநூறு ரூபாய் ஆகிறது, டோல் தனி. அதற்கும் மேல், பயணத்திலேயே கழியும் இரண்டு நாளுக்கும் வாடகை. இரவில் சென்னை சென்ட்ரலில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடிந்ததும் கோவையில் இறக்கிவிடுகிறது. அங்கே கார் எடுத்தால் ஊட்டிக்கு 90 கிலோமீட்டருக்குள்தான். மிச்சமாகும் இரண்டு நாள் வாடகையில் ஒரு ரகம் மேலான வண்டியே எடுத்துவிடலாம். டிரெயின் டிக்கெட்டை முன்கூட்டியே போட வேண்டும், அவ்வளவுதான் சிரமம்.

மேலான வண்டி என்றால் பெரிய வண்டி என்று அர்த்தமில்லை. வால்பாறைக்கு ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே நீளமான ஏழு சீட்டர் எல்லோருக்கும் வசப்படாது. ஐந்து பேரையும் பெட்டிகளையும் திணித்த சின்ன காரும் ஏற்றத்தில் திணறும். நான்கைந்து பேருக்கு, சுமாரான நீளமும் தரையிலிருந்து நல்ல உயரமும் உள்ள, ஓட்டுபவருக்கு ஏற்கெனவே கைவந்த வண்டியே போதும். ஆட்டோமேடிக்கை முதல்முறையாக மலையில் பழகிப் பார்க்க வேண்டாம். இறங்கும்போது கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்து, சூடேறிப் புகை வந்து நிற்கும் கார்களை சீசனில் பார்க்கலாம்.

டயரையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்றால் 2022-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. வண்டி மினுமினுப்பாக இருந்து டயர் கிழடாக இருந்தால் வேறு வண்டி கேட்கத் தயங்க வேண்டாம். பதிவு செய்த மாடல் இல்லை என்று நிறுவனம் கைவிரித்தால், அதே வாடகைக்கு அதற்கு இணையான அல்லது மேலான வண்டியைக் கேட்பதிலும் தவறில்லை. வாய்விட்டுக் கேட்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கிறது.

செயலி முதலில் காட்டும் வாடகையை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. கிலோமீட்டர் வரம்பு எவ்வளவு, தாண்டினால் கிலோமீட்டருக்கு என்ன, தாமதமானால் மணிக்கு என்ன என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது மலிவு என்பது தெரியும். சேதப் பாதுகாப்பு என்று தனியாகக் கட்டும் தொகையில் டயர், அடிப்பாகம், கிளட்ச், தொலைந்த சாவி ஆகியவை பெரும்பாலும் சேர்வதில்லை. பதிவில் பெயர் இல்லாத மச்சானோ நண்பனோ ஓட்டும்போது இடித்தால் அந்தப் பாதுகாப்பே செல்லாமல் போகலாம்.

இ-பாஸ் வந்த பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இது வேண்டும். 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று சீசன் வரம்பும் வைத்தார்கள். பாஸ் எடுக்க வண்டி எண் தேவை. பல நிறுவனங்கள் எண்ணைக் கடைசி நேரத்தில்தான் அனுப்புகின்றன. அதனால் பதிவு செய்யும்போதே, 'நம்பர் எப்போ கிடைக்கும்?' என்று கேட்டுவிட வேண்டும். எண் வந்ததும் எம்பரிவாகன் செயலியில் போட்டால் வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். ஊட்டியிலிருந்து மைசூரு போகிறவர்கள், பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பத்து நிமிடம் தவறினால் ஒரு ராத்திரி போகும். தாமதக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும்.

வண்டியை வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் சுற்றிவந்து ஒரு வீடியோ எடுத்துக்கொள்ள வேண்டும். பம்பரின் கீழ்ப்பகுதி, சக்கர விளிம்பு, பெட்ரோல் முள், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் அதில் தெரிய வேண்டும். வாங்கிய நேரத்தையும் கொடுத்த நேரத்தையும் ரசீதில் எழுதி வாங்கினால், ஒரு மாதம் கழித்து வேகக் கேமரா அபராதம் என்று சொல்லி டெபாசிட்டில் பிடித்தாலும், அந்த அபராதம் பதிவான நேரத்தில் வண்டி யார் கையில் இருந்தது என்று காட்ட முடியும்.