மர வீடு இருக்கட்டும், பட்டா எங்கே?

பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி அழுத்திச் செய்யும் 'மாஸ் டிம்பர்'தான் இனி பசுமை வீடு என்கிறார்கள். உலகின் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமென்ட்டால் வருகிறதாம். கணக்கு சரிதான். ஆனால் யாரிடம் சொல்கிறார்கள்?

தீண்டப்படாதோர் ஓட்டு வீடு கட்டக்கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாட்டை அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். தலைமுறைகளாக மண்சுவரிலும் கீற்றிலும் கிடந்தோம். அப்போது யாரும் அதைப் பசுமை வாழ்க்கை என்று பாராட்டவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்துக் கொன்றார்கள். சேவுகம்பட்டியில் நம் அம்மாக்கள் தார்சு வீடு கேட்பது ஆடம்பரத்துக்கு அல்ல, தீப்பிடிக்காத கூரைக்கு.

மரத்துக்கு நாம் எதிரிகள் அல்ல. கனமான மரம் எரியும்போது மேற்பரப்பு கரியாகி உட்பகுதியைக் காக்கும் என்கிறது அறிவியல். நல்லது. முதலில் அமைச்சர் பங்களாவையும் ஆட்சியர் அலுவலகத்தையும் அப்படிக் கட்டட்டும். கரையானையும் மழையையும் அங்கே சோதிக்கட்டும். சோதனை எலிகளாகச் சேரி மக்கள் வேண்டாம்.

ஊராட்சிகளில் 'கலைஞர் கனவு இல்லம்' தருவது 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். அந்தப் பணத்தில் எந்த மாஸ் டிம்பர் வரும்? காலடி மண்ணே நம் பெயரில் இல்லையென்றால் அந்தப் பணமும் எட்டாது.

தோழர்களே, கூரை எதனால் என்று பேசுமுன், அது நிற்கும் மண் யாருடையது என்று கேட்போம்.