வட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள்

ஆண்டுதோறும் மே மாதத்தின் மூன்றாம் வாரத்தில் ஒரு புகைப்படம் நம் நாளிதழ்களுக்கும் தொலைக்காட்சித் திரைகளுக்கும் திரும்பி வந்துவிடுகிறது. 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூர் பொதுக்கூட்டத் திடல். கண்ணாடி அணிந்து, தலையில் பூச்சூடி, கையில் சந்தன மாலையுடன் ஒரு பெண் காத்து நிற்கிறாள். அவள் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம். சில இதழ்களில் ஓர் அம்புக்குறி. கீழே இரண்டு வரிச் செய்தி. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இது ஒரு சடங்காகவே நடந்துவருகிறது.

இப்படத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் இலக்கிய நண்பர்களிடம் ஒரு பரவசம் தொற்றிக்கொள்வதைக் கவனித்து வருகிறேன். மரணமே மாலையேந்தி நிற்கும் படிமம் என்கிறார்கள். மொழி தொடமுடியாத இடத்தைக் கேமரா தொட்டுவிட்டது என்கிறார்கள். நூறு நாவல்கள் சொல்லாததை இந்த ஒரு சட்டகம் சொல்லிவிட்டதாம். இந்தப் பரவசத்தை நான் மறுக்கிறேன். அந்தப் படம் தானாக எதையும் சொல்லவில்லை. அது சொல்வதாக நாம் நம்பும் ஒவ்வொன்றும் நாம் அதன்மேல் ஏற்றிவைத்தது. ஏற்றிவைத்ததோடு நில்லாமல், அதில் நின்றிருந்த சிலரை நாம் வெளியேயும் தள்ளியிருக்கிறோம். இக்கட்டுரை அந்தத் தள்ளுதலைப் பற்றியது.

முதலில் தகவல்களைக் கறாராகப் பார்த்துவிடுவோம். படங்களை எடுத்தவர் ஹரிபாபு என்ற இளம் புகைப்படக்காரர். குண்டு வெடித்தபோது அவரும் இறந்தார். கேமரா தப்பியது, அதனுள்ளிருந்த சுருளில் பத்துப் படங்கள் இருந்தன. கொலையாளியின் தோற்றமும், பத்திரிகையாளர் போன்ற வேடத்தில் கையில் குறிப்பேட்டுடன் நின்ற சிவராசனின் தோற்றமும் அவற்றிலிருந்துதான் புலனாய்வுத் துறையினருக்குக் கிடைத்தன. தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன், சிதறிய உடல்களின் எச்சங்களையும் இப்படங்களையும் அருகருகே வைத்து, வெடிபொருளை உடலில் கட்டியிருந்தவர் யார் என்பதை நிறுவினார். சிவராசனின் முகம் சுவரொட்டிகளாக நாடெங்கும் ஒட்டப்பட்டது. 1991 ஆகஸ்ட் 20 அன்று பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில் அவர் பிணமாகக் கண்டெடுக்கப்படும்வரை அந்தப் படங்களுக்கு ஒரு தெளிவான வேலை இருந்தது. அவை சான்றுகள். சான்றை வெளியிடுவதில் அறச்சிக்கல் ஏதுமில்லை. தேடப்படுபவனின் முகத்தைச் சுற்றி வட்டம் போடத்தான் வேண்டும்.

அந்த வேலை முடிந்த பிறகும் வட்டம் அழியவில்லை. என் கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

சான்றாக இருந்தபோது அப்படம் எவ்வளவு குறைவாகச் சொன்னது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். யார் எங்கே நின்றார்கள் என்று அது சொன்னது. சட்டகத்துக்குள் இல்லாத எவரைப் பற்றியும் அது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்த்த பொதுமனம் ஒட்டுமொத்த வழக்கையுமே கண்ணால் கண்டுவிட்டதாக நம்பியது. 1998 ஜனவரி 28 அன்று தடா நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்குத்தண்டனை விதித்தபோது பெரும்பான்மையோருக்கு அதில் வியப்பேதும் இருக்கவில்லை. 1999 மே 11 அன்று உச்சநீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக்குற்றத்திலிருந்து விடுவித்தது. நான்கு பேரின் தூக்கை உறுதிசெய்தது, மூவருக்கு ஆயுள்தண்டனை. அந்த எழுவரும் 2022க்குள் வெவ்வேறு தீர்ப்புகளால் வெளியே வந்தனர். அத்தீர்ப்புகள் சரியா தவறா என்பது தனி விவாதம். நான் சுட்ட விரும்புவது ஒன்றை மட்டுமே. ஒரு வலுவான படம் தருகிற உறுதி, படத்தில் இல்லாதவர்கள்மீதும் வழிந்துவிடுகிறது. 19 பேர் ஓராண்டுக்கும் மேலாகத் தூக்குத்தண்டனைக் கைதிகளாக இருந்தார்கள். பொதுமனம் அதைப் பொருட்படுத்தவில்லை. அது தன் தீர்ப்பைப் புகைப்படத்தைப் பார்த்தபோதே எழுதிவிட்டிருந்தது.

சரி, அந்த வலு எங்கிருந்து வருகிறது? ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். இந்தியாவைப் பற்றி ஏதும் அறியாத ஒருவரிடம் தலைப்பும் வட்டமும் இல்லாமல் அப்படத்தைக் கொடுங்கள். ஒரு திடல், கொஞ்சம் கூட்டம், மாலையோடு காத்திருக்கும் ஒரு பெண், பக்கத்தில் சிலர். தமிழ்நாட்டின் எந்தத் தேர்தல் கூட்டத்திலும் எடுத்திருக்கக்கூடிய சாதாரணப் படம். ஒளியமைப்பிலோ கோணத்திலோ எந்த மேதைமையும் இல்லை. நம் முதுகுத்தண்டில் ஓடும் சிலிர்ப்பு, அடுத்த நிமிடங்களில் நடக்கப்போவதை நாம் அறிந்திருப்பதால் வருகிறது. படத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அதை அறியமாட்டார்கள். அவர்களுடைய அறியாமைக்கும் நம்முடைய அறிதலுக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியைத்தான் நாம் கலை என்று கொண்டாடுகிறோம். கொஞ்சம் நிதானமாக யோசித்தால் இது கூசவைக்கும் இன்பம்.

இனி வட்டத்துக்கு வெளியே பார்ப்போம். மாலையோடு நிற்பவளுக்கு அருகிலேயே ஒரு தாயும் அவர் மகளும் நிற்கிறார்கள். அச்சிறுமி தலைவர்முன் கவிதை வாசிக்க வந்தவள். தாயும் மகளும் அன்றிரவே இறந்தார்கள். அந்த வெடிப்பில் ஒன்பது காவலர்களும் இறந்தார்கள். நம்மில் எத்தனை பேர் அந்தக் குழந்தையைக் கவனித்திருக்கிறோம்? தாணுவின் முகத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னால் வரைந்துவிடுவோம். அந்தச் சிறுமியின் முகத்தை எவராலும் வரைய முடியாது. ஒரே சட்டகம், ஒரே ஒளி, ஒரே நொடி; கேமரா இருவரையும் சமமாகத்தான் பதிவுசெய்தது. ஒருத்தியை வரலாறாகவும் மற்றவளை ஓரமாகவும் மாற்றியது அச்சகத்தில் போடப்பட்ட வட்டம். பல சமயம் அதுவும் இல்லை, வெட்டியே எடுத்துவிட்டார்கள். கொலையாளியின் முகம் மட்டும் போதுமானதாக இருந்தது. உண்மையில் அந்தத் திடலுக்கு எல்லோரும் தன்னைக் காணவேண்டும் என்ற ஆசையோடு வந்திருக்கக்கூடியவள் அந்தச் சிறுமிதான். அவளை நாம் பார்க்கவே இல்லை.

படமெடுத்தவர் நிலையும் ஏறக்குறைய இதுவே. நீதிமன்ற ஆவணங்களில் ஹரிபாபு சதியில் பங்கேற்றவர். நம் பேச்சிலோ சில வேளைகளில் உயிரைக் கொடுத்து வரலாற்றைப் பதிவுசெய்த கலைஞர். இரண்டையும் ஒரே மனிதரில் வைத்துப் பார்க்கும் பொறுமை நமக்கு இருப்பதில்லை. படமெடுப்பவர் காட்சிக்கு வெளியே நிற்கும் தூய சாட்சி என்ற நம்பிக்கையை இவ்வளவு கடுமையாகக் குலைக்கும் வேறொரு சம்பவம் தமிழ்ச் சூழலில் இல்லை. ஆனால் புகைப்பட அறம் என்று பேச்சு வந்தால் நாம் கெவின் கார்ட்டரைத்தான் துணைக்கழைப்போம். 1993ல் சூடானில் பட்டினியில் சுருண்ட குழந்தையையும் பின்னால் காத்திருந்த கழுகையும் எடுத்த படம். 1994ல் புலிட்சர் பரிசு. அவ்வாண்டு ஜூலையில் தற்கொலை. இக்கதையைச் சொல்லிக் கண்கலங்குவது நமக்குப் பழகிப்போய்விட்டது. அது சிறுமி என்றே உலகம் பல ஆண்டுகள் நம்பியது. சிறுவன் என்பதும், அன்று அவன் பிழைத்துக்கொண்டான் என்பதும் 2011ல் ஸ்பானிய நாளிதழ் ஒன்று தேடிச்சென்று கேட்ட பிறகே தெரியவந்தது. கண்ணீர் விட்ட கோடிக்கணக்கானோருக்கு யாருக்காக அழுகிறோம் என்றே தெரிந்திருக்கவில்லை.

என் தரப்புக்கு எதிராக வலுவான கேள்வி ஒன்று உண்டு. 2013 பிப்ரவரியில் வெளியான பாலச்சந்திரனின் படங்கள். மணல்மூட்டைகளுக்கு நடுவே அமர்ந்து தின்பண்டம் உண்ணும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அடுத்த படத்தில் மார்பில் குண்டுக்காயங்களுடன் உயிரற்றுக் கிடக்கிறான். இலங்கை அரசு மறுத்தது. ஆனால் அடுத்த மாதமே சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் அமர்ந்தார்கள்; போராட்டம் தமிழகக் கல்லூரிகளெங்கும் பரவியது. நான்கு ஆண்டுகளாக அறிக்கைகளும் புள்ளிவிவரங்களும் செய்யாததை இரண்டு படங்கள் செய்தன. இது உண்மை. இதை மறுப்பவன் நேர்மையற்றவன். அதிர்ச்சி தரும் படங்களையே வெளியிடக்கூடாது என்று சொல்லும் தூய்மைவாதிகளோடு அதனால்தான் என்னால் சேரமுடியவில்லை. கொன்றவர்கள் மறைக்க விரும்பியதை அப்படங்கள் வெளியே கொண்டுவந்தன.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பார்க்கவேண்டும். அப்படம் தட்டிகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் வந்தது. தலைவர்களின் கூப்பிய கைகளுக்கு அருகே அந்தச் சிறுவன் அச்சிடப்பட்டான். முள்ளிவாய்க்காலில் இறந்த, படம் எடுக்கப்படாத குழந்தைகளை யாரும் கேட்கவில்லை. எழுச்சி ஓய்ந்தது, படம் மட்டும் எஞ்சியது. படம் நம்மை எழுப்பும். எழுந்தவன் என்ன செய்யவேண்டும் என்பதைப் படம் சொல்லாது. சூசன் சொண்டாக் 2003ல் வெளியான தன் நூலில், 1977ல் தானே முன்வைத்த சில கருத்துகளைத் திரும்பவும் கேள்விக்குள்ளாக்கியது இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டித்தான். நம் சூழலில் அந்த இரண்டாவது யோசனைக்கே இடமில்லாமல் போயிற்று.

இதனால் விளையும் கேடு எத்தகையது என்பதை அறிய வேறெங்கும் போகவேண்டாம். அதே ஸ்ரீபெரும்புதூருக்கே போகலாம். 2003ல் திறக்கப்பட்ட நினைவகம் நெடுஞ்சாலையோரம் இருக்கிறது. அதைச் சுற்றி, இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம்வரை, இந்தியாவின் மாபெரும் ஆலைத்தொகுதிகளில் ஒன்று எழுந்து நிற்கிறது. 1998ல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006 முதல் 2014 வரை நோக்கியா இங்கே கைபேசிகளைச் செய்தது. 2010ல் ரெனோ–நிசான் ஒரகடத்தில் திறக்கப்பட்டது. இன்று ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் பூட்டப்படுகின்றன. உலகின் சட்டைப்பைகளில் இருக்கும் கேமராக்களில் கணிசமானவை இவ்வூரின் இளம்பெண்களின் கைவழியாகச் செல்கின்றன. அந்தக் கைகளுக்கு நேர்வதை யார் படமெடுக்கிறார்கள்? கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவது ஆலைகளில் பரவலான வழக்கம். 2010 அக்டோபர் இறுதியில் நோக்கியா ஆலையில் ஓர் இளம்பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். கேமரா பொருத்திய கைபேசிகளை உலகுக்கு அனுப்பிய ஆலை அது. அந்தச் சாவை நினைவூட்ட நம்மிடம் ஒரு படமும் இல்லை. ஆகவே அதற்கு ஆண்டு நினைவும் இல்லை, கவிதையும் இல்லை, விவாதமும் இல்லை. இந்தியாவிலேயே மிகுதியாகப் பார்க்கப்பட்ட சாவுகளில் ஒன்று நடந்த ஊரில், எவரும் பாராத சாவுகள் செய்தித்தாளின் மூலையில் முடிந்துபோகின்றன. உணர்ச்சியைப் படத்திடம் குத்தகைக்கு விட்டுவிட்ட சமூகத்தில் இப்படித்தான் நடக்கும்.

அதே தொகுதியில் வேறுவகைப் படங்களும் உண்டு. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களின் விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாகப் பரவிய வதந்தியால் பல நூறு பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவில் வந்து அமர்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2024ல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாட்கள் சீருடையோடு போராட்டத்தில் அமர்ந்திருந்தார்கள். இந்தப் படங்களில் இரத்தமில்லை, படிமமில்லை. நம் ரசனைக்கு அவை சப்பென்று தோன்றக்கூடும். ஆனால் அவற்றில் இருப்பவர்கள் தாமே விரும்பிச் சட்டகத்துக்குள் வந்து அமர்ந்தவர்கள். எங்களைப் பாருங்கள் என்று கேட்டவர்கள். என்ன வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னவர்கள். புகைப்பட அறத்தைப் பற்றி ஒரு வரையறை வேண்டுமென்றால் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்: படத்தில் இருப்பவர் நம்மிடம் எதைக் கேட்கிறார், அதற்குக் காதுகொடுக்கிறோமா என்பதிலிருந்து. இறந்தவர் கேட்கமுடியாது என்பதால் அவர் சார்பில் அக்கேள்வியை வெளியிடுபவர் கேட்டுக்கொள்ளவேண்டும்.

எனவே இதழாசிரியர்களிடம் என் கோரிக்கை எளிமையானது. அடுத்த மே மாதம் அந்தப் படத்தை வெளியிடத்தான் வேண்டுமென்றால் முழுதாக வெளியிடுங்கள். வெட்டாதீர்கள். வட்டத்தை எடுத்துவிடுங்கள், குற்றவாளியை அடையாளம் காட்டும் தேவை 1991லேயே முடிந்துவிட்டது. அன்றிரவு இறந்தவர்கள் அனைவரின் பெயர்களையும் அடியில் அச்சிடுங்கள், கவிதை வாசிக்க வந்த சிறுமியின் பெயரை முதலில் போட்டு. அதற்கு இடமில்லை என்றால் படத்துக்கும் இடமில்லை என்று விட்டுவிடுங்கள்.

இலக்கிய நண்பர்களிடம் கேட்பது இதைவிடக் கடினமானது. படம் இல்லாத சாவுகளை எழுதுங்கள். கேமரா நுழையாத இடத்துக்குள் நுழைய இன்னமும் சொல்லால் முடியும். ஒரகடத்து ஆலைகளின் இரவுநேரப் பணியைப் பற்றித் தமிழில் எத்தனை கதைகள் வந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அதன்பிறகு, கேமரா மொழியை வென்றுவிட்டதா என்ற விவாதத்தை வைத்துக்கொள்ளலாம்.