ஆய்வக நுட்புநரும் நாமும்

தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் நாள்தோறும் ஏறி இறங்கும் நம் மாணவர்களுள் அப்பெயரின் வரலாற்றை அறிந்தோர் சிலரே. 1928ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்கென அங்கே ஒரு மருத்துவ நிலையம் கண்டார். 1937இல் அரசு அதனை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. பிற இடங்களில் கதவடைக்கப்பட்ட எச்.ஐ.வி. நோயாளிகளை 1993 முதல் ஏற்றுக்கொண்ட பெருமையும் அதற்குண்டு.

மருத்துவரைப் போற்றுகிறோம்; செவிலியரைப் போற்றுகிறோம். நோய் இன்னதென்று கண்டு சொல்லும் ஆய்வக நுட்புநரையோ 'ரத்தம் எடுப்பவர்' என்ற அளவில் மறந்துவிடுகிறோம். கோழையைக் கண்ணாடி வில்லையில் தடவிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் குறைந்தது 100 புலங்களைப் பார்த்த பின்னரே 'கிருமி இல்லை' என்று அவர் எழுதலாம். ஒருவர் ஒரு நாளில் 20 அல்லது 25 வில்லைகளுக்கு மேல் பார்த்தலாகாது என்பது நெறி. கண் சோர்ந்தால் கிருமி தப்பும். தப்பிய கிருமி ஒரு குடும்பத்தையே பற்றும். இன்று புதிய கருவிகள் வந்துள்ளன. எனினும், கோழைக் குப்பியைத் திறப்பது மனிதக் கையே.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவியாயிருந்த டாக்டர் நிர்மலா ரத்த மாதிரிகளைத் திரட்டினார். கையுறை இல்லை. மாதிரிகளை வைக்க இடமின்றித் தம் இல்லத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தார். வேலூரில் சோதித்தபோது உண்மை புலப்பட்டது. அவர்தம் துணிவை வியக்கிறோம். ஆனால் அந்தக் கையுறையின்மையை யாரும் முன்மாதிரியாகக் கொள்ளலாகாது.

பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் எங்கும் இன்று தனியார் ஆய்வகங்கள். நம் இல்லத்துப் பெண்மக்கள் பலரும் பட்டயம் பெற்று இப்பணிக்கே செல்கின்றனர். ஊசி கையில் குத்தினால் அவர்களுக்கு யார் பொறுப்பு? 1997இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்திற்கு விதிகள் வர 2018 ஆயிற்று. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளோ, கழிவைக் கையாளும் ஊழியருக்கு மஞ்சட்காமாலை 'பி', இசிவு நோய்த் தடுப்பூசிகளையும் ஆண்டுதோறும் உடற்பரிசோதனையையும் நிறுவனத்தின் கடமையாக்கியுள்ளன. 'சிறிய ஆய்வகம், வருவாய் போதாது' என்பர் சிலர். நோயாளியை அனுப்பும் மருத்துவருக்குத் தரகு கொடுக்க வருவாய் போதுமாயின், மூன்று தவணைத் தடுப்பூசிக்கு மட்டும் போதாமற் போவதெப்படி?

உழைப்பவர் கூலியைத் தாழ்த்தாது தருமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியதை மேடைதோறும் பேசுகிறோம். மருத்துவமனையும் ஆய்வகமும் நடத்தும் சமுதாயப் பெரியவர்களிடமும், இலவச மருந்தகம் நடத்தும் ஜமாஅத்துகளிடமும் நாம் வேண்டுவது ஒன்றே: நாளைக் காலை ஊழியர் பதிவேட்டை வரவழையுங்கள், மூன்று தவணையும் போட்டுக்கொண்டவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.