இரண்டு வாரத்து வாத்தியார்

நேபாளத்தில் எவரெஸ்ட் போகும் வழியில், சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கும்ஜுங் கிராமத்துக்கு 1961-ல் பள்ளிக்கூடம் வந்தது. எட்மண்ட் ஹிலாரி கட்டிக்கொடுத்தார் என்பது ஊரறிந்த சேதி. அதைக் கேட்டு வாங்கியவர்கள் ஷெர்ப்பாக்கள் என்பதைத்தான் வசதியாக மறந்துவிடுகிறோம். பாடம் நடத்த டார்ஜீலிங்கிலிருந்து ஷெர்ப்பா ஆசிரியர் ஒருவரையே தேடிப்பிடித்து அழைத்துவந்தார்கள். என் கணக்கில் கட்டடத்தைவிடப் பெரிய காரியம் இதுதான். இன்று மலையூர்ப் பள்ளிகளுக்குத் தொண்டு செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வானம் தெளிந்த அக்டோபரில் வருகிறார்கள். (அட்டை கடிக்கும் மழைக்காலப் பாதையில் யாரையும் காணோம்.) சுவருக்கு நீலச் சாயம் அடிக்கிறார்கள், ஆங்கிலப் பாட்டு சொல்லித்தருகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அடுத்து வருகிறவரும் அதே பாட்டில்தான் ஆரம்பிக்கிறார். பிள்ளைகளும் புதிதாகக் கேட்பதுபோல் கூடவே பாடுகின்றன, பாவம். உள்ளூர் ஆசிரியர் கணக்குப் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு விருந்தாளிக்குத் தேநீர் வைக்கப் போகிறார். சுற்றுலா விசாவில் வந்து தொண்டு வேலை செய்ய நேபாளச் சட்டம் இடம் தரவில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. தச்சரோ, செவிலியரோ, ஆசிரியர்களுக்கே பயிற்சி தரத் தெரிந்தவரோ உரிய அனுமதியோடு போய் ஒரு பருவம் முழுக்கத் தங்கட்டும். மற்றவர்கள் மலையைப் பார்க்க மட்டும் போகலாம். விடுதி வாடகையும் சுமைதூக்கியின் கூலியும் ஊருக்குத்தானே போய்ச்சேரும்? கையில் மிச்சமிருந்தால் உள்ளூர் ஆசிரியரின் சம்பளத்துக்கு, ஒரு முறையல்ல, வருஷாவருஷம் கொடுக்கட்டும்.