மஜ்ஜை ஏற்றுவது சில மணி நேரம். கண்டம் 100 நாள்!

வண்டி ஏறும் முன் நோயாளி வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியவை

தென்காசி:-

“எலும்பை அறுத்துத்தான் மஜ்ஜையை மாத்துவாங்களாமே?”

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் ஒருவருக்கு மஜ்ஜை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னால், வீட்டில் முதலில் கிளம்பும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். ஆனால் பயப்பட வேண்டிய இடம் இது அல்ல!

நோயாளியின் எலும்பை யாரும் அறுப்பதில்லை. ரத்தம் ஏற்றுவது போல, பையில் இருந்து குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. சில மணி நேரத்தில் முடிந்துவிடும். உண்மையான கண்டம் அதற்குப் பிறகு வரும் 100 நாட்கள்தான்.

புது விதை

உடம்பில் ரத்தம் தயாராகும் இடம், எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. ரத்தப் புற்றுநோய், தலசீமியா, மஜ்ஜையே வற்றிப்போகும் நோய் ஆகியவற்றில் அந்த இடம் கெட்டுவிடுகிறது. பழையதை மருந்தால் அழித்துவிட்டு, புது விதை போடுவதுதான் இந்தச் சிகிச்சை.

நம் நாட்டில் 1983-ல் பம்பாய் டாடா ஆஸ்பத்திரியில் டாக்டர் சுரேஷ் அத்வானி இதைத் தொடங்கி வைத்தார். 9 வயது சிறுமிக்கு அவளுடைய சகோதரன் மஜ்ஜை கொடுத்தான். 1986-ல் வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கியது. இன்று சென்னையிலும், மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலும் செய்கிறார்கள்.

யார் கொடுப்பது?

சில நோய்களுக்கு நோயாளியின் சொந்த மஜ்ஜையையே எடுத்து வைத்துத் திருப்பி ஏற்றுவார்கள். மற்றவர்களுக்கு ஆள் வேண்டும். ரத்த குரூப் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, “எச்.எல்.ஏ.” என்ற பரிசோதனையில் பொருந்த வேண்டும். கூடப்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இல்லாவிட்டால் பாதி பொருந்தும் தாய், தகப்பனிடம் எடுப்பது உண்டு. சென்னையில் 2009-ல் தொடங்கிய “தாத்ரி” பதிவேட்டில் வெளி ஆட்களையும் தேடலாம்.

“கொடுத்தால் இடுப்பு போய்விடும், பிள்ளை பிறக்காது” என்பது வெறும் கட்டுக்கதை! பெரும்பாலும் சில நாள் ஊசி போட்டு, கை நரம்பில் இருந்து மெஷின் மூலம் பிரித்து எடுக்கிறார்கள். இடுப்பு எலும்பில் இருந்து எடுத்தாலும் மயக்க மருந்து கொடுத்து ஊசியால்தான் எடுப்பார்கள். சில நாள் வலி இருக்கும். எடுத்த மஜ்ஜை சில வாரத்தில் தானாக ஊறிவிடும்.

உஷார்!

“நம்ம தம்பி ரத்தம்தானே” என்று முன்கூட்டியே சொந்தக்காரர் ரத்தத்தை நோயாளிக்கு ஏற்றக் கூடாது. பின்னால் அதே தம்பியின் மஜ்ஜையை உடம்பு ஏற்க மறுக்கலாம். ரத்த வங்கியில் வெளி ஆள் ரத்தம் கேட்க வேண்டும்.

சிகிச்சை மருந்தால் பிள்ளைப்பேறு பாதிக்கப்படலாம். கல்யாணம் ஆகாத இளவட்டங்கள், உயிரணுவைச் சேமித்து வைப்பது பற்றி முதலிலேயே டாக்டரிடம் கேட்க வேண்டும். வெட்கப்பட்டால் நஷ்டம்!

அந்த 100 நாள்

புது மஜ்ஜை வேர் பிடிக்க 2 முதல் 4 வாரம் ஆகும். அதுவரை நோய் எதிர்ப்புச் சக்தி அநேகமாக பூஜ்யம். முடி கொட்டும், வாய் புண்ணாகும். அடுத்தவர் மஜ்ஜை என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. குடிவந்த மஜ்ஜை, குடியிருக்கும் உடம்பையே அந்நியமாக நினைத்துத் தாக்கும். தோலில் தடிப்பு, வயிற்றுப்போக்கு, கண் மஞ்சள் ஆகியவை அதன் அடையாளம்.

காய்ச்சல் 100 டிகிரியைத் தாண்டினால் மெடிக்கல் ஷாப் மாத்திரை கூடாது. ராத்திரி 2 மணி ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். “உடம்பு தேறிடுச்சே” என்று மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே உலை வைக்கும்.

ஊர் திரும்பினால்...

பழமும் ஹார்லிக்சுமாகப் பார்க்க வரும் கூட்டத்தை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர், சூடான வீட்டுச் சாப்பாடு மட்டும்தான். குற்றாலத்தில் சீசன் களை கட்டினாலும், டாக்டர் சரி சொல்லும்வரை அருவிக் குளியல் கிடையாது. சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளை மறுபடி போட வேண்டியிருக்கும்.

பணம்?

முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், அனுமதி பெற்ற ஆஸ்பத்திரிகளில் இதற்கு உதவி உண்டு. தலசீமியா குழந்தைகளுக்கு கோல் இந்தியா நிறுவனம் 2017 முதல், குறிப்பிட்ட சில ஆஸ்பத்திரிகளில் ரூ.10 லட்சம் வரை கொடுக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி பக்கத்தில் 3 மாத வாடகை, கூட இருப்பவரின் சம்பள இழப்பு, ஊர் திரும்பிய பிறகு மாத்திரைச் செலவு... இவற்றுக்கு வீட்டார்தான் வழி பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் பலிக்கும் என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். நோய் திரும்பலாம், உயிரும் போகலாம். “எங்க கேசுல எத்தனை பங்கு நம்பிக்கை?” என்று கேட்பது நோயாளியின் உரிமை.

பொதிகை எக்ஸ்பிரசில் ஏறும்போது, திரும்பும் டிக்கெட்டை அவசரப்பட்டு எடுத்துவிட வேண்டாம். முதலில் 100 நாள் கணக்கைப் போடுங்கள்!