மழைக்காலமும் மலையடிவாரக் காவல் நாய்களும்

நாய்களைப் பற்றி நாடே விவாதித்த ஆண்டு 2025. தில்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்குமாறு ஆகஸ்ட் 11 அன்று உத்தரவிட்ட உச்சநீதிமன்றம், ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தியது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களிலிருந்து அவற்றை அகற்ற ஆணையிட்டது. இத்தனை பேச்சிலும், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலையடிவாரக் கொல்லைகளை இரவெல்லாம் காக்கும் நாய்க்கு இடம் கிடைக்கவில்லை.

அந்த நாய்க்கு ஆபத்தான பருவம் ஐப்பசியும் கார்த்திகையும்தான். வடகிழக்குப் பருவமழையில் வளைகளில் நீர் புகும்போது, நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வைக்கோல் போருக்கும் வீட்டு ஓரத்துக்கும் வந்துவிடுகின்றன. அவற்றை முதலில் எதிர்கொள்வது நாய்தான்; கடி பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோ விழுகிறது. கடிவாயைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் கேடு. நாயை நடக்க விடாமல் தூக்கிச் சென்று நஞ்சுமுறி மருந்து ஏற்றுவதே வழி. மனிதருக்குத் தரப்படும் அதே மருந்து நாய்க்கும் பயன்படும். ஆனால் மலை ஊர்களிலிருந்து மருந்து இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடு. 2024 ஜூன் விஷச்சாராயச் சாவுகளுக்குப் பின் இம்மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தபோது, சாலை வசதியும் முக்கியப் பேச்சானது நினைவிருக்கலாம்.

பாம்பையாவது இயற்கை என்று விட்டுவிடலாம். அவுட்டுக்காய் மனிதன் வைப்பது. புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம் கதிர் பிடிக்கும்போது காட்டுப்பன்றி இறங்குகிறது. அதைக் கொல்ல, தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைக்கிறார்கள். வாசனைக்கு வரும் நாய் கடித்ததும் தாடை சிதறிப்போகிறது. கோவைப் பகுதியில் யானைகளையே கொன்ற பொருள் இது. திருட்டு மின்வேலியும் எலி மருந்தும் தனிக்கதை. விவசாயியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறை சுடலாம் என்று அரசு 2025 தொடக்கத்தில் அனுமதித்தது. ஒரு கிலோமீட்டருக்குள் அந்த அனுமதி இல்லை. மலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவரின் இழப்புக்கு உரிய இழப்பீடு காலத்தில் கிடைக்காதவரை, சட்டவிரோத வெடிக்கு வாங்குவோர் இருக்கவே செய்வர்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரை நாய் குடிக்கிறது, அதில் நடக்கிறது. கிருமி தொற்றிய நாயின் சிறுநீர் வழியே அது வீட்டுக்குள்ளும் வரலாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின் தென்பெண்ணைக் கரையில் வெள்ளம் சூழ்ந்ததைப் போன்ற காலங்களில் இந்த அபாயம் கூடும். ஆண்டுதோறும் போட வேண்டிய கூட்டுத் தடுப்பூசியில் இதற்கும் பாதுகாப்பு உண்டு. நம் ஊரில் வெறிநோய் ஊசியோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கிறோம். தீபாவளி வெடிக்கு மிரண்டு கட்டறுத்து ஓடும் நாய் ஊர் திரும்பாமலே போவதும் இதே மாதங்களில்தான்.

மழை தொடங்கும் முன்பே மலையோரக் கால்நடை மருந்தகங்களில் நஞ்சுமுறி மருந்தையும் இந்தத் தடுப்பூசியையும் இருப்பு வைப்பது மாவட்ட நிர்வாகத்தால் இயலாத காரியமன்று. கால்நடைகளுக்கான 1962 அவசர ஊர்தி ஆடு மாட்டுக்கு வருவதுபோல், கொல்லையில் அடிபட்டுக் கிடக்கும் நாய்க்கும் மலையேறி வர வேண்டும்.