கோப்பைக்குக் காசிருக்கிறது! கோச்சுக்குக் காசில்லையா?

அன்பு இளைஞர்களே!

உலகக் கோப்பை வந்துவிட்டால் நமது கடலோரத் தெருக்களில் பறக்காத கொடியில்லை. தூத்துக்குடியானாலும் காயல்பட்டினமானாலும், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அர்ஜென்டினாவின் பதினொரு பேரையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறீர்கள். நல்லது. நமது நாட்டு அணியில் ஆடுவோர் ஐந்து பேரின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்!

உங்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1 என்று தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் ஊர் திரும்பியது இந்திய அணி. 2025 அக்டோபரில் கோவாவில், நமது சொந்த மண்ணிலேயே, சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பைக்குள் நுழையும் வாய்ப்பையும் இழந்தது. சிங்கப்பூர்! நமது வியாபாரிகள் பையைத் தூக்கிக்கொண்டு போய்வரும் அந்த ஒற்றை நகரம்!

இதே நாடுதான் 1962ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. வென்று தந்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர், சையது அப்துல் ரஹீம். 2024ல் இந்தியில் படம் வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு அவர் பெயரே தெரிந்தது என்பது வெட்கக்கேடு.

ரஹீம் சாஹிபும் தோற்றவர்தான். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு பலர் ஆடிய நமது அணி யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று நொறுங்கியது. அதிலிருந்து அவர் பாடம் படித்தார். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு வித்தை காட்டாதே, வந்ததும் கொடுத்துவிட்டு ஓடு என்பதே அவரது பயிற்சி. பந்தைக் கடத்திக்கொண்டு ஓடக் கூடாது என்ற விதியோடு தனிப் போட்டிகள் நடத்தினார். பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்றும் போட்டி வைத்தார். நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்னில், நெவில் டிசோசா மூன்று கோல் அடிக்க ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி, ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தது இந்தியா.

ஜகார்த்தாவுக்கு வருவோம். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. அடுத்து தாய்லாந்தை வென்றாலும் தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொண்டார். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜுக்கோ காய்ச்சல். வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். ரஹீம் என்ன செய்தார்? தையல் போட்ட ஜர்னைலை முன்வரிசைக்கு அனுப்பினார்! அரையிறுதியில் தென்வியட்நாமுக்கு எதிராக அவர் ஒரு கோல் அடித்தார். 3-2 என்று வென்றோம். செப்டம்பர் 4ல் இறுதி ஆட்டம். மீண்டும் அதே தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் கேள்வி கேட்டிருந்ததால் அரங்கமே நமக்கு எதிராகக் கூச்சலிட்டது. நமக்குக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள்தான் என்று அன்று ஆடியவர்கள் பின்னாளில் சொன்னதுண்டு! பி.கே.பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த தங்கராஜ் வலையில் நின்றார். 2-1, தங்கம்! மறு ஆண்டு ஜூனில் நுரையீரல் புற்றுநோய் ரஹீமைக் கொண்டுபோனது. அதன் பிறகு அந்தத் தங்கம் நமக்குக் கிடைக்கவேயில்லை.

வணிகப் பெருமக்களே! இனி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. அந்த அணியில் ஆடிய துளசிதாஸ் பலராம், செகந்திராபாத் பக்கத்து ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. பயிற்சிக்கு வந்துபோக வசதியில்லை என்றபோது சைக்கிள் வாடகைக்கு வழிசெய்தவர் ரஹீம். அந்தச் சைக்கிள் வாடகையில் நாட்டுக்கு ஒரு முன்வரிசை வீரர் கிடைத்தார்!

நமது கரையில் காசுக்கா பஞ்சம்? ஆட்டத்தின் மீது ஆசைக்கா பஞ்சம்? கோடை வந்தால் காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்கம் மௌலானா அபுல்கலாம் ஆசாத் பெயரில் அகில இந்தியப் போட்டி நடத்துகிறது. வெளிமாநில அணிகள் வந்து ஆடுகின்றன. பெருமைதான். ஆனால் ஆங்காங்கே நடக்கும் போட்டிகளுக்குக் கோப்பை, பேனர், மைக் செட், வெளியூர் ஆட்டக்காரருக்குக் கவர் என்று தாராளமாகக் கொடுக்கும் கை, பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கு ஆண்டு முழுவதும் ஒரு கோச் வைக்கச் சொன்னால் ஏன் பைக்குள்ளேயே நின்றுவிடுகிறது?

வரும் கோடைக்கு முன் ஒன்று செய்யுங்கள். நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து, முறைப்படி பயிற்சி பெற்ற ஒருவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள். வாரம் ஒருநாள் இடது காலால் மட்டும் ஆடச் சொல்லுங்கள். பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கோப்பையில் கடைப் பெயர் இருந்தால்தான் மனம் நிறையுமென்றால், அந்தப் பையன்களின் பனியன் முதுகில் பெரிதாக அச்சடித்துக்கொள்ளுங்கள். யார் வேண்டாமென்றது?